நீலம் ஏறாத பஞ்சு

"பத்தொன்பது நாளாச்சே சார், அவங்க வண்டிப் பக்கம் வந்து!"

டிரைவிங் ஸ்கூல் முதலாளி நேற்றுச் சாயங்காலம் போனில் சொன்ன அந்த ஒரு வரி, விடிந்த பிறகும் பூதக்கண்ணாடியின் காதை விட்டு இறங்கவில்லை.

பூதக்கண்ணாடி என்பது ஆபீஸில் அவனுக்கு வைத்த பெயர். இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து, தீ, திருட்டு என்று வருகிற விண்ணப்பங்களை நேரில் போய்த் துருவிப் பார்க்கிற வேலை. எரிந்த கடையின் சாம்பலைக் குச்சியால் கிளறிவிட்டு, "இங்க துணியே இருந்ததில்ல, வெறும் அட்டைப்பெட்டி" என்று சொல்லிவிடுவான். சந்தேகம்தான் அவனுக்குச் சோறு போடுகிறது. அதைச் செருப்போடு வாசலில் கழற்றி வைக்கத்தான் அவனுக்குத் தெரியவில்லை.

அவன் மனைவிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பிரேக் அக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வைத்தது. பக்கத்து இருக்கையில் தனக்கென்று இருக்கும் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, "பரவாயில்ல, நான் இருக்கேன், நீங்க போங்க" என்பாள். குரல் ஒரு நாளும் உயர்ந்ததில்லை.

அந்தக் குரலே இப்போது வீட்டில் கேட்பதில்லை. இரண்டு மாதம் முன்னால், கட்டி இருக்கிறதென்று அவள் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அவன் தங்கை ரெக்கார்டு அறையில் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்தான். "நம்ம இடம் அண்ணா, என் கண்ணு முன்னாடி நடக்கும்" என்று சொல்லி அவள்தான் ஏற்பாடு செய்தாள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். பத்தாம் நாளிலிருந்து பிரேக் அக்காவுக்குக் கீழே ஈரம் கசிவது நிற்கவில்லை.

மறுபடி அங்கேயே போய்க் காட்டினார்கள். பெரிய டாக்டர் உள்ளே ஒரு பஞ்சு வைத்து, ஏதோ நீல மருந்து விட்டுப் பார்த்தார். "பஞ்சு நீலமாகல. ஓட்டை கீட்டை எதுவும் இல்ல. வயசு, மனசு, ரெண்டும் சேர்ந்து படுத்துது" என்று அனுப்பிவிட்டார்.

அன்றையிலிருந்து பிரேக் அக்கா யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. கறுப்பு உடை மட்டும் உடுத்துகிறாள். அலமாரிக்குப் புதுப் பூட்டு. மூன்று விதமான சென்ட் பாட்டில். தினமும் காலையில் பெரிய பையோடு "கிளாஸ் இருக்கு" என்று கிளம்புகிறாள்.

பத்தொன்பது நாளாக எந்தக் கிளாஸ்?

இன்றைக்கும் கிளம்பினாள்.

"யாருக்குக் கிளாஸ்?" என்றான் அவன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஒரு டாக்டருக்கு."

"எத்தனை மணிக்கு முடியும்?"

"அவங்க கையில இருக்கு."

பை தோளில் ஏறியது. கதவு சாத்திக்கொண்டது. சமையலறையிலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டவள். அவளும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா, பதிலை?" என்றான் அவன்.

"விடு அண்ணா." அவள் டிபன் பாக்ஸை மூடுவதிலேயே கண்ணாக இருந்தாள். மூடி ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

அவளும் போன பிறகு அவன் குளியலறைக்குள் நுழைந்தான். கதவுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துண்டு தொங்கியது. ஓரத்தில் கறை. மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. பளிச்சென்று ஆரஞ்சு நிறம். விரலால் தேய்த்தான். சோப்புப் போட்டும் போகாமல் அடம்பிடித்த கறை.

குப்பைக் கூடையின் அடியில், நாலாக மடித்த ஒரு சின்னக் காகித உறை. அதன் மேல் ஊரின் மறுகோடியில் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தின் முத்திரை. கீழே பேனாவில், 'இன்று இரவு ஒன்று, நாளை காலை ஒன்று'.

என்ன மாத்திரை? யார் கொடுத்தது? தனக்குத் தெரியாமல் எதை, எதற்கு?

தங்கைக்குப் போன் போட்டான்.

"ஆரஞ்சாக் கறை படியற மாத்திரை எதாவது இருக்கா?"

"எதுக்குக் கேக்கற?"

குப்பையில் கிடந்த உறையையும் அதில் இருந்த ஆஸ்பத்திரி பேரையும் சொன்னான்.

"அங்க எதுக்குப் போனாங்க அண்ணி? அண்ணா, நீ உடனே போய்க் கூட்டிட்டு வந்துடு. அங்க யாரும் எதையும் கேட்டு எழுதிக்க விடாத. கேட்டியா?"

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் பூதக்கண்ணாடி அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பான். தங்கையைச் சந்தேகப்பட்டு அவனுக்குப் பழக்கமில்லை. ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

*

அந்த நேரத்தில் பிரேக் அக்கா, அந்த மறுகோடி ஆஸ்பத்திரியில் ஒரு மறைப்புத் திரைக்குப் பின்னால் ஓர் உயரமான படுக்கையில் படுத்து, கூரையில் இருந்த விளக்கை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரே விளக்குதான். அதையே திரும்பத் திரும்ப எண்ணினாள்.

"மாத்திரை ரெண்டும் போட்டீங்களா?" என்று கேட்டபடி கையுறை மாட்டிக்கொண்டாள் டாக்டர்.

"போட்டேன். பாத்ரூம் போனா ஆரஞ்சு பெயிண்ட் டப்பாவைக் கவுத்த மாதிரி இருக்கு."

டாக்டர் சிரித்தாள். இவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள்தான் இந்த டாக்டர். கிளட்ச்சிலிருந்து காலை எடுக்கவே மாட்டாள் என்பதால் ஸ்கூலில் 'கிளட்ச் டாக்டர்' என்று பெயர். பத்தொன்பது நாள் முன்னால், கடைசிக் கிளாஸில், வண்டி ஒரு மேட்டில் நின்றுபோனது. பின்னால் ஹாரன். இறங்கி இடம் மாறிக்கொள்ள வேண்டியதுதானே என்று டாக்டர் பார்த்தால், பிரேக் அக்கா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்திருந்த ரப்பர் ஷீட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வண்டியை ஓரமாக உருட்டி நிறுத்திவிட்டுத்தான் கேட்டாள்.

"சிரிச்சா வருதா? இருமினா வருதா?"

"எப்பவும் வருது. நின்னாலும், உட்கார்ந்தாலும், படுத்தாலும். வலியே இல்ல."

"அப்ப யூரின் போகணும்னு தோணவே தோணாதா?"

"அதான் வேடிக்கை டாக்டர். அதுவும் வழக்கம்போலப் போகுது, இதுவும் ஒழுகுது. ரெண்டு குழாய் வெச்ச வீடு மாதிரி."

"ஆபரேஷன் எப்ப நடந்தது?"

சொன்னாள். கிளட்ச் டாக்டர் இன்ஜினை அணைத்தாள். அதற்குப் பிறகு அன்றைக்குக் கிளாஸ் நடக்கவில்லை.

போன வாரம் அந்த ஈரத்தைக் கொஞ்சம் பிடித்து லேபுக்கு அனுப்பினாள் டாக்டர். யூரினில் வெளியேறும் கழிவான கிரியாட்டினின், ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு இருந்தது. ஆகவே அது சும்மா கசிவு இல்லை, யூரின்தான். எங்கேயிருந்து வருகிறது என்பதை மட்டும் லேபால் சொல்ல முடியாது.

"இப்ப பாருங்க," என்றாள் டாக்டர். "சிறுநீரகத்துலேர்ந்து கீழ வர்ற யூரின், நீங்க போட்ட மாத்திரையால ஆரஞ்சு. யூரின் பையைக் காலி பண்ணிட்டு அதுக்குள்ள நான் விடப்போறது நீலம். உள்ள மூணு பஞ்சு வைக்கறேன். மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கீழ ஒண்ணு. எது எந்தக் கலர்ல வருதுன்னு பார்த்தா, ஓட்டை எங்கன்னு அதுவே சொல்லிடும்."

"அங்கயும் நீலம் விட்டாங்களே டாக்டர். நீலமாகலயே."

"எத்தனை பஞ்சு வெச்சாங்க?"

"ஒண்ணுதான்."

"எடுக்கும்போது ஈரமா இருந்ததா?"

பிரேக் அக்கா யோசித்தாள். அந்த அறையில் பெரிய டாக்டரின் முகத்தைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சை யார் பார்த்தது? ஒரு நர்ஸ் பொண்ணு மட்டும் அதைத் தட்டில் வைத்துவிட்டு ஏதோ எழுதினாள்.

"தெரியல."

"சரி. பஞ்சும் வெச்சாச்சு, நீலமும் விட்டாச்சு. எழுந்திருங்க. பதினஞ்சு நிமிஷம் நடங்க. மாடிப்படி ஏறி இறங்குங்க. நல்லா இருமுங்க. சும்மா உட்கார்ந்துடக் கூடாது."

*

பூதக்கண்ணாடி வந்து சேர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது அவளுடைய பைதான். தாழ்வாரத்து பெஞ்சில் தனியாக இருந்தது. அவன் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

அவள் தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். திரும்பினாள். மறுபடி இந்தக் கோடி. மறுபடி கடிகாரம். மாடிப்படியில் பாதி ஏறினாள், நின்றாள், இருமினாள், இறங்கினாள்.

யாருக்காகக் காத்திருக்கிறாள்? இருமல் என்ன, சாடையா?

எத்தனையோ பேரை இப்படி மறைந்திருந்து பார்த்திருக்கிறான் அவன். முதுகு உடைந்துவிட்டது என்று விண்ணப்பம் கொடுத்துவிட்டு மூட்டை தூக்கினவனை ஒரு முறை பிடித்தான்.

நாலாவது சுற்றில் அவள் தூணுக்கு நேராக வந்து நின்றாள்.

"உங்க ஷூ தெரியுது," என்றாள்.

அவன் வெளியே வந்தான். கையில் அந்தக் காகித உறை. "இது என்ன?"

"இன்னும் ஒன்பது நிமிஷம் நான் நடக்கணும். கூட நடந்து கேக்கறீங்களா, இல்ல அங்கயே நின்னு பார்க்கறீங்களா?"

அவனுக்காகக் காத்திராமல் நடந்தாள். அவன் பின்னாலேயே போய்ச் சேர்ந்துகொண்டான்.

"வேலைக்குப் போறதா சொல்லிட்டு..."

"வேலையை விட்டுட்டேன். அடுத்தவங்க வந்து உட்கார்ற வண்டி அது."

"அப்ப இத்தனை நாள் எங்க இருந்த?"

"பாதி நாள் இங்க. பாதி நாள் என் சிநேகிதி வீட்டு மொட்டை மாடியில. துணியை எல்லாம் அலசிக் காயவெச்சிட்டு, காயற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். நம்ம வீட்டுக் கொடியில போட்டா உங்க தங்கை எண்ணிப் பார்ப்பா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். மூணு தடவை." அவள் மூச்சு வாங்கினாள். "முதல் தடவை, 'டாக்டரைவிட உனக்குத் தெரியுமா'ன்னீங்க. ரெண்டாவது தடவை சிரிச்சீங்க. மூணாவது தடவை, எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வெச்சீங்க."

அவனுக்கு நினைவு வந்தது. ஜன்னல் திறந்தது நினைவிருந்தது. அதற்கு முன்னால் அவள் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதுதான் நினைவில்லை.

இரண்டு பேரும் மாடிப்படி ஏறினார்கள். நடுவில் அவள் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"என்ன?"

"ஒரு வாரமா இங்க கனமா இருக்கு. ஒண்ணுமில்ல."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

அவள் அடுத்த படியில் கால் வைத்தாள். நம்பாதவர்களிடமே பேசிப் பழகினவள், நம்புகிறவர்களிடமும் சிலதை மென்று முழுங்கிவிடுகிறாள்.

*

"நீங்கதான் கணவரா? வாங்க. பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதான். உங்களுக்குச் சம்மதமா அக்கா?" என்றாள் கிளட்ச் டாக்டர். பிரேக் அக்கா தலையசைத்தாள்.

எஃகுத் தட்டில் மூன்று பஞ்சு வரிசையாக இருந்தது.

"கீழ வெச்சது, காஞ்சிருக்கு. நடுவுல வெச்சது, இதுவும் காஞ்சிருக்கு. ரெண்டுலயும் ஒரு சொட்டு நீலம் இல்ல. ஆக, பையில ஓட்டை இல்ல. அந்த ஆஸ்பத்திரியில சொன்னது அது வரைக்கும் சரி." டாக்டர் மூன்றாவதை இடுக்கியால் தூக்கினாள். நனைந்து கனத்துத் தொங்கியது. பளிச்சென்ற ஆரஞ்சு.

அதே நிறம். அவன் காலையில் விரலால் தேய்த்துப் பார்த்த நிறம்.

"இது பைக்கு வரவே இல்ல. சிறுநீரகத்துலேர்ந்து பைக்குப் போற ரெண்டு குழாயில ஒண்ணு அடிபட்டிருக்கு. அதுலேர்ந்து வர்ற யூரின் வழி மாறிப் பிறப்புறுப்பு வழியா ஒழுகுது. இன்னொரு குழாய் நல்லா இருக்கு, அதனாலதான் அக்காவுக்கு வழக்கம்போல பாத்ரூமும் போகுது. இதுக்கு ஃபிஸ்டுலான்னு பேரு. இந்த மாதிரி ஆபரேஷனுக்குப் பிறகு எப்பவாவது நடக்கக்கூடியதுதான். நடக்கறது குத்தமில்ல. நடந்ததைப் பார்க்காம விடறதுதான்..." டாக்டர் நிறுத்திக்கொண்டாள்.

"நீலமாகலன்னதும் ஒண்ணுமே இல்லன்னு முடிவு பண்ணிட்டோம்," என்றான் அவன் மெதுவாக.

"நீலம் ஏறலன்னா சந்தேகம் தீரக் கூடாது சார். அங்கேர்ந்துதான் சந்தேகம் ஆரம்பிக்கணும். நீலம் இல்ல, ஆனா ஈரம் இருக்குன்னா, ஈரம் எங்கேர்ந்து வந்ததுன்னு கேக்கணும்."

தொழில் முழுக்க அவன் கேட்ட கேள்வி அதுதான். வீட்டில் மட்டும் தப்பான ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"டாக்டர்," என்றான். "அவளுக்கு வலது பக்கம் ஒரு வாரமா கனமா இருக்காம்."

பிரேக் அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று.

"ஏன் அக்கா என்கிட்ட சொல்லல?"

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்கேன் அறையின் இருட்டில், டாக்டர் திரையில் ஒரு கறுப்புத் திட்டைக் காட்டினாள். வலது சிறுநீரகம் வீங்கியிருந்தது. குழாய் அடிபட்ட இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது, மேலே யூரின் தேங்குகிறது. மதியம் மருந்து ஏற்றி எடுத்த படத்தில், வலது குழாய் பைக்கு இரண்டு விரல் தூரத்தில் நின்றுபோய், அங்கிருந்து நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு வேறு பக்கம் இறங்கியது. ஒழுகல் இருந்த வழி அதுதான்.

"நாளைக் காலையில உள்ள ஒரு மெல்லிசு குழாய் விட்டுப் பார்க்கறோம். அது அடிபட்ட இடத்தைத் தாண்டிப் போச்சுன்னா, ஆறினாலும் ஆறிடும். போகலன்னா முதுகுப் பக்கமா வடியவிட்டு முதல்ல சிறுநீரகத்தைக் காப்பாத்தணும். குழாயை அப்புறம் சரி பண்ணிக்கலாம். இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா அந்தச் சிறுநீரகத்துக்கு நான் உத்தரவாதம் சொல்லியிருக்க மாட்டேன்."

பிரேக் அக்கா அழுதாள். ஆபரேஷனுக்குப் பிறகு இப்போதுதான் அழுகிறாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் தள்ளி உட்கார்ந்தாள், பழக்கம். அவனும் நகர்ந்தான்.

"நனைஞ்சுடும்," என்றாள்.

"நனையட்டும்."

டாக்டர் பேனாவை மூடினாள். "எனக்கு ஒண்ணு வேணும் சார். அந்த ஆபரேஷன் குறிப்பு. எங்க தையல் போட்டாங்க, ரத்தம் வந்ததா, எதைக் கட்டினாங்க, தெரிஞ்சா நாளைக்கு எனக்கு உதவி. அப்படியே அந்த நீலப் பரிசோதனைக் குறிப்பும்."

"என் தங்கை அங்க ரெக்கார்டு ரூம்லதான் இருக்கா. அஞ்சு நிமிஷம்."

*

மணி மூன்றே கால். தாழ்வாரத்துக்கு வந்து போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கூட்டிட்டு வந்துட்டியா அண்ணா?"

"இல்ல. அண்ணியோட ஃபைல் வேணும். இன்னைக்கே."

"அது... மேல போயிருக்கு. கையெழுத்துக்கு."

"ரெண்டு மாசமா கையெழுத்தா?"

அவன் குரலை இறக்கினான். அவனுக்கே அது புதுக்குரலாக இருந்தது.

"உனக்கு ஒரு கேள்விதான். அன்னைக்கு அந்தப் பஞ்சு நனைஞ்சிருந்ததா, இல்லயா?"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"நீ பார்த்திருக்க. எனக்குத் தெரியும்."

"பார்த்தேன்," என்றாள் தங்கை. குரல் உடைந்தது. "ஃபைல் அடுக்கும்போது பார்த்தேன் அண்ணா. 'பஞ்சு நீலமில்லை, முழுவதும் நனைந்துள்ளது'ன்னு நர்ஸ் எழுதியிருக்கா. 'முழுவதும் நனைந்துள்ளது'ங்கறதை மட்டும் வேற பேனாவால அடிச்சிருக்கு. அந்த நர்ஸ் பொண்ணு மறு வாரமே வேலையை விட்டுப் போயிட்டா. நான்தான் அண்ணியை இங்க கூட்டிட்டு வந்தேன். எப்படி வந்து சொல்லுவேன்? பேசாம இருந்துட்டா தானா சரியாயிடும்னு..."

"யார் அடிச்சது?"

அவள் பதில் சொல்வதற்குள், அந்தப் பக்கம் ஒரு கதவு திறக்கும் சத்தம். ஓர் ஆண் குரல், நிதானமாக: "அது என்ன ஃபைல்மா, கையில?"

தங்கையின் குரல் சட்டென்று மாறியது. "ராங் நம்பர் சார். இங்க அப்படி யாரும் இல்ல."

போன் துண்டிக்கப்பட்டது.

அவன் திரும்பி வந்தபோது பிரேக் அக்காவை வார்டில் சேர்த்து, கையில் ஊசி குத்தியிருந்தார்கள். அவன் முகத்தைப் பார்த்தே, "என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

அவன் ஒன்றையும் ஒளிக்கவில்லை. கேட்டதைக் கேட்டபடியே சொன்னான்.

அவளுக்குக் கோபம் வரும் என்று பார்த்தான். வரவில்லை.

"அப்ப நனைஞ்சிருந்ததுன்னு ஒருத்தி எழுதியிருக்கா," என்றாள். "நான் பொய் சொல்லலன்னு அன்னைக்கே ஒருத்திக்குத் தெரிஞ்சிருக்கு."

பிறகு, "அவ அங்க தனியா இருக்கா. போய்க் கூட்டிட்டு வாங்க. திட்டறதுக்கு நான் இருக்கேன், நீங்க திட்டாதீங்க."

அவன் படி இறங்கிக்கொண்டிருந்தபோதே போனில் செய்தி வந்தது. தங்கைதான்.

'நீ இங்க வராத அண்ணா. ஃபைலோட கிளம்பிட்டேன். அங்கதான் வரேன்.'

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே வர அரை மணி நேரம் போதும். அவன் வாசலிலேயே நின்றான். ஒவ்வொரு ஆட்டோவையும் குனிந்து பார்த்தான். நாலரைக்குப் போன் போட்டான், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஐந்துக்கு மறுபடியும் போட்டான்.

ஐந்தரை மணிக்கு அந்த வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பின் இருக்கையில் தங்கையின் கைப்பை மட்டும் இருந்தது.

"இங்க அவங்க அண்ணன் நிப்பாரு, இதை அவர்கிட்ட கொடுக்கச் சொன்னாங்க சார்," என்றார் ஆட்டோக்காரர். "ரொம்ப நேரம் சுத்தவெச்சிட்டு, பாதி வழியில இறங்கிட்டாங்க. யாரோ பின்னாடியே வர்றாங்க, பையில இருக்கற ஃபைல் பத்திரமா போய்ச் சேரட்டும்னு சொன்னாங்க."